குண்டு விழுந்த எல்லை



"காற்றின் தடையைப் புறக்கணிக்க" என்னும் தொடரை நீங்கள் நன்கு அறிவீர்கள். எறிபொருள் பற்றிய கணக்குகளின் இறுதியில் அது வாயிற்காப்போனைப் போல் நின்றுகொண்டிருக்கும். அதனைப் படித்த மாணவன் மேலே எதுவும் கேளாமல் கணக்கைப் போடத் தொடங்குவான். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இயற்பியல் கற்பித்த நானும் அத்தொடரைக் கரும்பலகையில் எத்தனை முறை எழுதினேன் என்பதற்குக் கணக்கில்லை. அதன் விலை என்ன என்று ஒரு மாணவன் கேட்கும் வரையில் அதனை நான் ஒரு பொருட்டாகவே எண்ணியதில்லை. அந்த வினாவைப் பற்றியும், அதற்கு விடை தேடிப் போனபோது நம் கடற்கரையிலேயே எனக்குக் கிட்டிய ஒரு வரலாற்றைப் பற்றியும் இன்று சொல்லலாம் என்று எண்ணுகிறேன்.

தென்னார்க்காடு மாவட்டம் 1993ஆம் ஆண்டில் இரண்டாகப் பிரிந்து, விழுப்புரம் தனி மாவட்டமாயிற்று. அதற்கு மறு ஆண்டு, திண்டிவனத்தில் பதினோராம் வகுப்பில் எறிபொருளின் இயக்கம் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். வெறும் கல்லையும் பந்தையும் வைத்துக் கணக்குச் சொன்னால் பிள்ளைகளுக்கு உறக்கம் வருகிறது. ஆகவே ஒரு வரலாற்றுச் செய்தியைச் சொல்லிப் பாடத்தைத் தொடங்கினேன். அச்செய்தியை முதலில் உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

கடலூருக்கு அருகே, கெடிலம் ஆறு கடலொடு கலக்கும் இடத்தை ஒட்டித் தேவனாம்பட்டினம் என்னும் ஊர் இருக்கிறது. அங்கே ஒரு சிறு கோட்டை இருந்தது. 1677ஆம் ஆண்டில் சத்ரபதி சிவாஜி செஞ்சியைக் கைப்பற்றியபோது, இக்கடற்கரையும் மராத்தியர் ஆட்சிக்கு உட்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தபின், 1689இல், சிவாஜியின் மூத்த மகன் சம்பாஜி ஒளரங்கசீபின் ஆணையால் கொல்லப்பட்டார். இளைய மகன் இராஜாராம் மராட்டிய நாட்டை விட்டுத் தப்பித் தெற்கே வந்து, செஞ்சிக் கோட்டையில் அமர்ந்து அரசாண்டார். அவரைப் பிடிக்க மொகலாயப் படை சுல்பிகார் கான் தலைமையில் வந்தது. முற்றுகைக்கு ஆளாகும் அரசனுக்குப் பணம் வேண்டும். கடற்கரையில் வாணிகம் செய்யும் கும்பெனிக்கு இடம் வேண்டும். இவ்விரு தேவைகளும் 1690ஆம் ஆண்டில் சந்தித்தன. சென்னையில் அப்போது கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். அமெரிக்காவில் இன்று பெரும்புகழுடன் விளங்கும் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்தவர் அவரே. அவர் காலத்தில் கும்பெனி அக்கோட்டையை மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. அதற்குப் புனித தாவீது கோட்டை என்று பெயரும் சூட்டியது.

கோட்டையை வாங்கியாயிற்று, சுற்றியுள்ள நிலத்தை எங்ஙனம் அளப்பது? நாம் நிலம் வாங்கினால் கிழக்கே இன்னார் வயல், மேற்கே இன்ன வாய்க்கால் என்று நான்கெல்லை எழுதுகிறோம். அந்த உடன்படிக்கையில் அப்படி எழுதவில்லை. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தொலைவு செல்லுமோ அவ்வளவு நிலமும் கும்பெனிக்குச் சேரும் என்பது ஒப்பந்தம். அதாவது, எறிபொருளின் கிடைத்தள நெடுக்கமே எல்லைக்கல் ஆயிற்று! செப்டம்பர் மாதத்தில் பீரங்கி சுடப்பட்டது. ஒரு திசையில் மட்டுமன்று, பல திசைகளிலும் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் அடங்கிய ஊர்கள் எல்லாம், கடலூர் நகரம் உட்பட, ஆங்கிலேயர் கைக்கு மாறின. அவ்வூர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்ற பெயர் பின்னும் நெடுங்காலம் வழங்கி வந்தது.

இச்செய்தியில் ஒரு நுட்பம் உண்டு. உடன்படிக்கையில் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட சொல் 'ராண்டம்' என்பது. இன்று அச்சொல்லுக்குக் குறியற்றது, ஒழுங்கற்றது என்று பொருள் கொள்கிறோம். ஆதலால் எங்கேயோ கண்ணை மூடிக்கொண்டு சுட்டார்கள் என்று சிலர் எழுதிவிடுகின்றனர். அது பிழை. அக்காலப் பீரங்கிக்காரர்களின் வழக்கில், குழலைக் கிடைமட்டமாக வைத்துச் சுடுவது ஒரு வகை; குழலின் வாயை மேலே தூக்கி, குண்டை வளைந்து பறக்கவிட்டு நெடுந்தொலைவு எட்டச் செய்வது இன்னொரு வகை. இந்த இரண்டாம் வகைக்கே 'ராண்டம்' என்று பெயர். எனவே உடன்படிக்கையின் பொருள் மிகத் தெளிவானது: பீரங்கியால் இயன்ற மட்டும் நெடுந்தொலைவு சுடுவது. வாங்குகிறவர்கள் அதனை நன்கு உணர்ந்திருந்தார்கள். சென்னையிலிருந்து நல்ல வெண்கலப் பீரங்கி ஒன்றை இதற்காகவே அனுப்பினார்கள். மருந்து இட்டு, குழலை உயர்த்தி, குண்டை ஆன மட்டும் தொலைவில் விழச் செய்வது பீரங்கிக்காரனின் கலை என்பதையும் அவர்கள் மறக்கவில்லை. விற்றவர் செஞ்சி மலையில் இருந்தார். வாங்கியவர் சென்னைக் கோட்டையில் இருந்தார். இடையில் நிலத்தின் அளவு ஒரு பீரங்கிக்காரனின் கையில் இருந்தது.

குழலை எவ்வளவு உயர்த்தினால் குண்டு மிகத் தொலைவு செல்லும்? இதற்கு விடை அப்போதே தெரிந்திருந்தது. இத்தாலி நாட்டுக் கணித அறிஞர் டார்டாக்லியா 1537ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலேயே 45 பாகைக் கோணத்தைக் குறிப்பிட்டார். ஆனால் குண்டு எவ்வகைக் கோட்டில் செல்கிறது என்பது அவருக்குச் சரியாக விளங்கவில்லை. முதலில் நேராகச் செல்லும், பிறகு வளையும், கடைசியில் செங்குத்தாக விழும் என்று அக்காலத்தவர் படம் வரைந்தனர். நூறு ஆண்டுகள் கழித்து, 1638இல், கலிலியோ முதுமையில் வெளியிட்ட நூலில்தான் அது பரவளையம் என்று நிறுவப்பட்டது. அவருடைய வழி மிக எளியது. அதுவே இன்றும் உங்கள் வழி. ஒரே இயக்கத்தை இரண்டு இயக்கங்களாகப் பிரித்துவிட வேண்டும். கிடைத்தளத்தில் பொருள் மாறாத வேகத்துடன் சென்றுகொண்டே இருக்கிறது. செங்குத்தில், மேலே எறிந்த கல்லைப் போல ஏறி இறங்குகிறது. இவ்விரண்டும் ஒன்றையொன்று தடுப்பதில்லை, கலப்பதும் இல்லை.

மாணவர்களில் பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். சூத்திரங்களை மனப்பாடம் செய்து, எந்தக் கணக்குக்கு எந்தச் சூத்திரம் என்று தேடுகிறார்கள். நான் சொல்லும் வழி இது: தாளின் நடுவில் ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் கிடைத்தளம், வலப்பக்கம் செங்குத்து. இருபக்கமும் பொதுவாக இருப்பது காலம் ஒன்றே. அந்தக் காலத்தைச் செங்குத்துப் பக்கத்தில் கண்டுபிடித்து, கிடைத்தளப் பக்கத்துக்குக் கொண்டுபோங்கள். வேறு மந்திரம் இல்லை.

ஒரு குண்டு வினாடிக்கு 196 மீட்டர் வேகத்தில், 30 பாகைக் கோணத்தில் புறப்படுகிறது என்க. செங்குத்து வேகம் அதில் பாதி, 98 மீட்டர். ஈர்ப்பினால் ஒவ்வொரு வினாடியும் 9.8 மீட்டர் வேகம் குறைகிறது. ஆகவே 10 வினாடியில் உச்சியை அடைந்து, மேலும் 10 வினாடியில் தரைக்கு வரும். காலம் 20 வினாடி. இதனைக் கிடைத்தளப் பக்கத்துக்குக் கொண்டு செல்லுங்கள். அங்கே வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 169.7 மீட்டர். 20 வினாடியில் குண்டு சற்றேறக்குறைய 3,394 மீட்டர் செல்லும். இப்போது குழலை 60 பாகைக்கு உயர்த்துங்கள். இரு வேகங்களும் இடம் மாறிக்கொள்ளும். குண்டு மிக உயரம் சென்று நெடுநேரம் வானில் இருக்கும். ஆனால் முன்னோக்கிச் செல்லும் வேகம் குறைவு. விடை அதே 3,394 மீட்டர்! 45 பாகையில் வைத்தால் 3,920 மீட்டர் கிடைக்கும். தாழ்த்தினால் காலம் போதாது. உயர்த்தினால் முன்னோக்கும் வேகம் போதாது. இடையில் உள்ள கோணத்தில் இரண்டும் இணங்குகின்றன. 45 பாகைக்கு மேலும் கீழும் ஒரே அளவு விலகிய கோணங்கள் ஒரே நெடுக்கத்தைத் தரும் என்பதைக் கலிலியோவே காட்டினார்.

45 பாகையில் கிடைக்கும் நெடுக்கம், வேகத்தின் வர்க்கத்தை ஈர்ப்பு முடுக்கத்தால் வகுத்தால் வருவது. ஆகவே வேகம் இரு மடங்கானால் நெடுக்கம் நான்கு மடங்கு. நெடுக்கம் நான்கு மடங்கானால் வட்டத்தின் பரப்பு பதினாறு மடங்கு. தேவனாம்பட்டினத்துக் கோட்டையின் கிழக்கே கடல், நிலம் அரைவட்டந்தான். ஆயினும் மருந்தைக் கூட்டிக் குண்டின் வேகத்தை இரட்டித்தால் ஊர்கள் பதினாறு மடங்காகும் அல்லவா? கணக்கு அப்படித்தான் சொல்கிறது.

இவ்வளவையும் வகுப்பில் சொல்லி, "பீரங்கிக் குண்டு வினாடிக்கு 500 மீட்டர் வேகத்தில் புறப்பட்டது என்று கொண்டு, கும்பெனிக்குக் கிடைத்த எல்லை எவ்வளவு தொலைவு என்று காண்க, காற்றின் தடையைப் புறக்கணிக்க" என்று எழுதிப் போட்டேன். பிள்ளைகள் விடை கண்டார்கள்: 25,510 மீட்டர். சரி என்று தலையசைத்தேன். பின்வரிசையில் ஒரு மாணவன் எழுந்து நின்றான். அவனுடைய தாய்வழிப் பாட்டனார் ஊர் கடலூர்ப் பக்கம்.

"ஐயா, கடலூரிலிருந்து புதுச்சேரி இருபது கிலோமீட்டர் சொச்சந்தான். அப்படியானால் புதுச்சேரியும் வெள்ளைக்காரனுக்குப் போயிருக்க வேண்டுமே?"

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் 1674ஆம் ஆண்டு முதல் இருந்துவந்தனர். என் கணக்கின்படி, 1690ஆம் ஆண்டுச் செப்டம்பரில் அவர்கள் ஊர் ஆங்கிலேயர் எல்லைக்குள் விழுந்திருக்க வேண்டும். மேற்கே பண்ணுருட்டியின் வாயில்வரை குண்டு சென்றிருக்க வேண்டும். "காற்றின் தடையால் கொஞ்சம் குறைந்திருக்கும், தம்பி" என்று சொன்னேன். அவன் உட்காரவில்லை. "காற்றுக்கு அவ்வளவு வலிமை உண்டா ஐயா? இரும்புக் குண்டாயிற்றே?" என்றான்.

மணி அடித்தது. எனக்கு அது நல்லதாயிற்று. ஏனெனில், எவ்வளவு குறையும் என்பது அன்று எனக்குத் தெரியாது. பத்தில் ஒரு பங்கு குறையலாம், மிஞ்சினால் ஐந்தில் ஒரு பங்கு என்றே நினைத்திருந்தேன். மாணவனுக்கு விடை சொல்ல வேண்டுமே என்று நூல்களைத் தேடலானேன்.

என்னுடைய மயக்கம் எனக்கு மட்டும் உரியதன்று என்று கண்டபோது சிறிது ஆறுதல் உண்டாயிற்று. நியூட்டன் 1687ஆம் ஆண்டில், அதாவது நம் பீரங்கி முழங்குவதற்கு மூன்றே ஆண்டுகளுக்கு முன், தம் பெருநூலின் இரண்டாம் பகுதியில் தடை தரும் ஊடகத்தில் பொருள்கள் இயங்கும் முறையை விரிவாக ஆராய்ந்திருந்தார். கலிலியோவும் பீரங்கிக் குண்டுகளின் பாதையைக் காற்று மாற்றக்கூடும் என்று எச்சரித்தே இருந்தார். ஆனால் பீரங்கி நூல் எழுதியவர்கள் இவற்றைப் பொருட்படுத்தவில்லை. காற்று எவ்வளவு மெல்லியது, இரும்பு எவ்வளவு கனமானது என்று எண்ணி, பரவளையக் கணக்குகளையே அட்டவணைகளாக்கி வைத்திருந்தார்கள். அந்நூல்களை எழுதியவர்கள் அளந்து பார்க்கவில்லை. அளந்து பார்ப்பதற்குக் கருவியும் இல்லை. கண்ணிமைக்கும் நேரத்தில் மறைந்துவிடும் குண்டின் வேகத்தை எதைக் கொண்டு அளப்பது?

அதற்குக் கருவி கண்டவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்னும் ஆங்கிலேயர். 1707ஆம் ஆண்டில் பாத் நகரத்தில் குவேக்கர் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். குவேக்கர் என்போர் போரையே வெறுக்கும் சமயப் பிரிவினர். அக்குடியில் பிறந்தவர் பீரங்கி நூலில் முதல்வர் ஆனது விந்தைதான். 1742ஆம் ஆண்டில் அவர் பீரங்கிக் கலையின் புதிய தத்துவங்களைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். அந்நூலில்தான் எறிகுண்டு ஊசல் என்னும் கருவி விளக்கப்பட்டது.

கருவி மிக எளிது. ஒரு கனமான மரக்கட்டையை ஊசலைப் போலத் தொங்கவிடுகிறோம். துப்பாக்கிக் குண்டு அதில் பாய்ந்து புதைந்துவிடுகிறது. கட்டை பின்னோக்கி ஊசலாடுகிறது. எவ்வளவு ஆடிற்று என்பதை அதனொடு கட்டப்பட்ட நாடா காட்டிவிடுகிறது. குண்டின் நிறை 40 கிராம், கட்டையின் நிறை 24 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். குண்டும் கட்டையும் சேர்ந்தால் குண்டைப் போல 601 மடங்கு. உந்தம் அழியாது, ஆகவே மோதிய பிறகு கட்டையின் வேகம் குண்டின் வேகத்தில் 601இல் ஒரு பங்கு. கட்டை சற்றேறக்குறைய 3.3 சென்டிமீட்டர் மேலே எழும்பினால், அதன் தொடக்க வேகம் வினாடிக்கு 0.8 மீட்டர் என்று கணக்கிடலாம். அதனை 601ஆல் பெருக்கினால் குண்டின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 480 மீட்டர்! கண்ணால் காண முடியாத வேகத்தை அசைந்தாடும் ஒரு மரக்கட்டையில் பிடித்துவிட்டார் ராபின்ஸ். இயற்பியல் வரலாற்றில் இதைவிட அழகிய கருவிகள் மிகச் சிலவே உண்டு என்பது என் கருத்து.

பிறகு அவர் ஊசலைத் துப்பாக்கியிலிருந்து வெவ்வேறு தொலைவில் வைத்துச் சுட்டுப் பார்த்தார். தொலைவு கூடக்கூட வேகம் எவ்வளவு குறைகிறது என்பது தெரிந்தது. அந்தக் குறைவிலிருந்து காற்றின் தடையைக் கணக்கிட்டார். விடை எல்லோரையும் திகைக்க வைத்தது. முக்கால் அங்குலக் குறுக்களவுள்ள ஈயக் குண்டு வினாடிக்கு 1,700 அடி அளவான வேகத்தில் செல்லும்போது, காற்று அதனைத் தடுக்கும் விசை அதன் எடையைப் போல நூறு மடங்குக்கு மேல்! ஈர்ப்பு விசை ஒரு மடங்கு. அதனைக் கணக்கில் சேர்க்கிறோம். தடை நூறு மடங்கு, அதனைப் புறக்கணிக்கிறோம். பரவளையக் கணக்கின்படி அக்குண்டு 45 பாகைக் கோணத்தில் 17 மைல் செல்ல வேண்டும். உண்மையில் அது அரை மைலும் செல்வதில்லை என்று துப்பாக்கி பழகியவர்கள் கூறியதை ராபின்ஸ் எடுத்துக்காட்டினார். ஒலியின் வேகத்தை நெருங்கும்போது தடை திடீரென்று மிகுகிறது என்பதையும் கண்டார். சுழன்றுகொண்டு செல்லும் குண்டு பக்கவாட்டில் வளையும் என்பதையும் அவரே கண்டு காட்டினார். கால்பந்தாட்டத்தில் சுழற்றி உதைத்த பந்து காவலரைச் சுற்றி வளைந்து வலைக்குள் புகுவது இதனால்தான். இவ்விளைவுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாக்னஸ் என்னும் ஜெர்மானியர் பெயர் சூட்டப்பட்டுவிட்டது. நம் ஊர்க் கல்வெட்டுகளில் மட்டுந்தான் பெயர் மாறும் என்று எண்ண வேண்டா.

ராபின்ஸின் நூலை மாமேதை ஆய்லர் 1745ஆம் ஆண்டில் ஜெர்மன் மொழியில் பெயர்த்து, மூலத்தை விடப் பன்மடங்கு பெரியதொரு விரிவுரையும் சேர்த்து வெளியிட்டார். உலகில் முதன்மையான கணித அறிஞர் ஒருவர் இன்னொருவர் நூலுக்கு உரையாசிரியர் ஆவது அரிய பெருமை.

பெரிய பீரங்கிக் குண்டுக்குக் காற்றின் தடை துப்பாக்கிக் குண்டுக்குப் போல் அத்துணைக் கொடியதன்று. குண்டு பெரிதாகும்போது அதன் எடை விட்டத்தின் கனத்தைப் பொறுத்துப் பெருகுகிறது. காற்று மோதும் முகமோ விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்துத்தான் பெருகுகிறது. ஆகவே பெரிய குண்டு காற்றை ஓரளவு வெல்லும். ஆயினும் அக்காலப் பீரங்கிகள் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் அளவுக்கே எட்டின. என் கரும்பலகையில் இருந்த விடை இருபத்தைந்து கிலோமீட்டர்! அரைவட்டத்தின் பரப்பைக் கணக்கிட்டுப் பாருங்கள். மூன்று கிலோமீட்டருக்கு 14 சதுரக் கிலோமீட்டர். இருபத்தைந்தரைக்கு ஆயிரம் சதுரக் கிலோமீட்டருக்கு மேல். "காற்றின் தடையைப் புறக்கணிக்க" என்று நான் எழுதிய மூன்று சொற்களில் ஆயிரம் சதுரக் கிலோமீட்டர் நிலத்தை எழுதிக் கொடுத்துவிட்டேன்! மருந்தைக் கூட்டினால் ஊர்கள் பதினாறு மடங்காகும் என்ற கணக்கும் இதனால் பொய்த்துப்போகிறது. வேகத்தைக் கூட்டக்கூடக் காற்று இன்னும் கடுமையாகத் தடுக்கிறது. புதுச்சேரியைக் காத்தது காற்று.

இத்துடன் நின்றிருந்தால் இதனை வானொலியில் பேச வந்திருக்க மாட்டேன். ராபின்ஸின் வாழ்க்கையைப் பற்றி மேலும் படித்தபோதுதான் நான் வியப்புற்றேன். 1749ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கும்பெனி அவரைத் தன் கோட்டைகளுக்குத் தலைமைப் பொறியாளராக அமர்த்தியது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்திருந்தனர். உடன்படிக்கையின்படி 1749இல் சென்னை திரும்பக் கிடைத்தாலும், கும்பெனியின் தலைமையிடம் 1752 வரை வேறோர் இடத்தில் இயங்கியது. அந்த இடம் தேவனாம்பட்டினம்! எந்தக் கோட்டையின் எல்லையை ஒரு குண்டின் நெடுக்கம் வகுத்ததோ, அந்தக் கோட்டைக்கே, குண்டின் நெடுக்கத்தை உலகுக்கு உணர்த்திய அறிஞர் 1750ஆம் ஆண்டில் வந்து சேர்ந்தார். இப்பொருத்தத்தை யாரும் திட்டமிடவில்லை. சென்னைக் கோட்டையையும் தேவனாம்பட்டினத்துக் கோட்டையையும் வலுப்படுத்தத் திட்டங்கள் வரைந்தார். நம் நாட்டு வெயிலும் காய்ச்சலும் அவரை விடவில்லை. 1751ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள் அக்கோட்டையிலேயே உயிர் நீத்தார். வயது நாற்பத்து நான்கு.

அவர் இங்கிருந்த நாட்களில் நம் வட்டாரம் போர்க்களமாக இருந்தது. 1750ஆம் ஆண்டுச் செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி செஞ்சிக் கோட்டையை ஒரே இரவில் பிடித்தார். மொகலாயர் 1690இல் தொடங்கி 1698இல்தான் பிடிக்க முடிந்த கோட்டை அது. எட்டு ஆண்டு முற்றுகைக்கு மலையின் உயரமே காரணம் என்று பலர் சொல்வர். ராஜகிரியின் உயரம் ஏறக்குறைய 240 மீட்டர். அதன் உச்சியிலிருந்து கிடைமட்டமாகச் சுட்ட குண்டு தரையை அடைய 7 வினாடி ஆகும். உச்சியிலிருந்து கையால் வெறுமனே நழுவவிட்ட கல்லுக்கும் அதே 7 வினாடிதான். கீழிருந்து அவ்வுயரத்தை எட்ட வினாடிக்கு 68.6 மீட்டர் செங்குத்து வேகம் போதும். பீரங்கிக்கு அது பெரிய செய்தியன்று. குண்டு எட்டியிருக்கும், ஆனால் எங்கே படும் என்பதுதான் நிச்சயமில்லை. எட்டு ஆண்டு நீண்டதற்கு உயரத்தைவிட, மொகலாயரின் உணவு வழியை மராத்தியக் குதிரைப்படை அறுத்துக்கொண்டே இருந்ததும், முற்றுகைத் தலைவரின் மெத்தனமும் பெருங்காரணங்கள் என்று நான் கருதுகிறேன். செஞ்சிக்குச் சுற்றுலா செல்லும் மாணவர்கள் இந்த ஏழு வினாடியை நினைவில் கொண்டு மலையேறலாம்.

பிறகு 1752இல் ஆங்கிலப் படை ஒன்று செஞ்சியைத் தாக்க முடியாமல் திரும்பி, விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே உள்ள விக்கிரவாண்டியில் பிரெஞ்சுக்காரரிடம் தோற்றது. 1760ஆம் ஆண்டு ஜனவரி 22ஆம் நாள், திண்டிவனத்துக்கு வடமேற்கே உள்ள வந்தவாசியில் ஆங்கிலேயர் வென்றனர். அப்போரில் ஆங்கிலேயர் சுட்ட குண்டு ஒன்று பிரெஞ்சு அணியின் வெடிமருந்து வண்டியில் பட்டு, அது வெடித்து, அவர்கள் அரண் குலைந்தது. புஸ்ஸி சிறைப்பட்டார். அந்தக் குண்டு குறி பார்த்துச் சுட்டதா, தற்செயலாகப் பட்டதா? மருந்து வண்டி எது என்று அறிந்து சுடும் அளவுக்கு அக்காலப் பீரங்கி துல்லியமானதன்று. இன்று நாம் சொல்லும் பொருளில் அதுதான் 'ராண்டம்' குண்டு.

விடை கிடைத்த மறுவாரம், அந்த மாணவனை எழுப்பி, வகுப்பின் முன் நிறுத்தி, என் கணக்கு அவனால் திருத்தப்பட்டது என்று சொன்னேன். பிறகு எல்லோரும் ஒரு சோதனை செய்தோம். ஒரே அளவில் ஒரு காகிதப் பந்தும் ஒரு களிமண் உருண்டையும் செய்து, விளையாட்டுத் திடலில் ஒரே வீச்சில் எறிந்து, விழுந்த இடங்களில் சுண்ணாம்பால் குறியிட்டோம். காகிதப் பந்து ஏறும்போது சாய்வாக ஏறி, இறங்கும்போது ஏறத்தாழச் செங்குத்தாக விழுந்ததைப் பிள்ளைகள் கண்டனர். டார்டாக்லியா காலத்தவர் வரைந்த படம் முற்றிலும் மூடத்தனமானதன்று என்பது அப்போது எனக்கு விளங்கிற்று. அவர்கள் காற்றுள்ள உலகத்தைக் கண்ணால் பார்த்து வரைந்தார்கள். கலிலியோ காற்றை நீக்கிவிட்டுச் சிந்தித்தார். அதனால் விதியைக் கண்டார். ராபின்ஸ் அவ்விதியின் மேல் காற்றைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்.

ஆண்டு இறுதியில் தேவனாம்பட்டினத்துக்கு மாணவர்களை அழைத்துச் சென்றேன். 1758ஆம் ஆண்டில் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்து இடித்துவிட்டார். இப்போது இடிபாடுகளே எஞ்சியுள்ளன. கெடிலத்தின் கரையில் நின்றுகொண்டு, மேற்கே கை நீட்டி, மூன்று கிலோமீட்டர் எதுவரை இருக்கும் என்று பிள்ளைகள் தங்களுக்குள் வாதிட்டார்கள். அந்த மாணவன் வடக்கே பார்த்துக்கொண்டிருந்தான். "என்ன தம்பி?" என்றேன். "புதுச்சேரி தெரிகிறதா என்று பார்க்கிறேன் ஐயா" என்றான். சவுக்குத் தோப்பும் கடற்கரையுந்தான் தெரிந்தன.